ஸ்பேனரைக் கையில எடுங்க... உங்க பைக்கை நீங்களே சரி பண்ணலாம்!

ஆபீஸ் கிளம்புற அவசரத்துல செல்ஃபை அமுக்குறீங்க. 'டிக் டிக்'னு மட்டும் ஒரு சத்தம். கிக்கரை அடிச்சு அடிச்சுக் கால் வலிக்குது, வண்டி அசையல. தெருமுனை மெக்கானிக் கடை திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. அடுத்து ஆட்டோவுக்கு போன், டீம் லீடருக்கு ஒரு 'ஸாரி' மெசேஜ்... பைக் வெச்சிருக்கிற எல்லோரும் இதைக் கடந்துதான் வந்திருப்போம்.

டெலிவரி வேலை பார்க்கிறவங்களுக்கு இது இன்னும் பெரிய தலைவலி. வண்டி நின்னா அன்னைக்கு வருமானமும் நின்னுடும். ஆனா, இப்படி நிக்கிற வண்டிகள்ல பலதுக்கும் காரணம் சின்ன விஷயமாகத்தான் இருக்கும். தளர்ந்துபோன பேட்டரி கனெக்‌ஷன், கறுத்துப்போன பிளக், தெரியாம ஆஃப் ஆகியிருக்கிற சிவப்பு சுவிட்ச். இதையெல்லாம் சரிபண்ண இன்ஜினீயரிங் படிச்சிருக்க வேண்டியதில்லை. ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரமும், கொஞ்சம் பொறுமையும் இருந்தாப் போதும்.

ஆயுத பூஜைக்கு மட்டும் கழுவிப் பொட்டு வைக்கிற வண்டியை மத்த நாள்களிலும் கவனிக்கக் கத்துக்கலாம், வாங்க. இங்கே சொல்றது எல்லாமே நம்ம ஊர்ல அதிகம் ஓடுற 100, 125 சிசி பைக்குகளை மனசுல வெச்சுத்தான். 1994-ல வந்த ஸ்ப்ளெண்டர் தொடங்கி, இன்னைக்கு ஷோரூம்ல நிக்கிற கம்யூட்டர் பைக்குகள் வரைக்கும் அடிப்படை ஒண்ணுதான்.

முதல்ல புத்தகம், அப்புறம்தான் ஸ்பேனர்

வண்டி வாங்கும்போது ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தாங்களே... ஆர்.சி புக் கவருக்குள்ள பிரிக்காமலேயே இருக்கும். அதுதான் ஓனர்ஸ் மேனுவல். என்ன ஆயில், எவ்வளவு ஊத்தணும், செயின் எவ்வளவு தொய்வா இருக்கணும், எந்த பிளக் போடணும்னு எல்லாமே அதுல இருக்கு. தொலைஞ்சிருந்தா கவலை வேண்டாம். பெரும்பாலான கம்பெனிகள் தங்களோட இணையதளத்துல பி.டி.எஃப் வெச்சிருக்காங்க. டவுன்லோடு பண்ணி போன்ல வெச்சுக்கோங்க. இந்தக் கட்டுரையில வர்ற அளவுகள் ஒரு புரிதலுக்காகத்தான். உங்க வண்டிக்கு மேனுவல் வேற அளவைச் சொன்னா, அதுதான் சரி.

இன்னொரு விஷயம். வண்டி இன்னும் வாரன்ட்டில இருந்தா, ஆயில் மாத்துறது மாதிரியான வேலைகளைக் கம்பெனி சர்வீஸ் சென்டர்லயே விட்டுடுங்க. ஃப்ரீ சர்வீஸைத் தவறவிட்டா வாரன்ட்டி கிளெய்ம்ல சிக்கல் வரும். அதுவரைக்கும் காத்து பார்க்கிறது, செயின் துடைக்கிறதுன்னு பழகிட்டிருக்கலாம்.

என்னென்ன டூல்ஸ் வேணும்?

பெரிய டூல் பாக்ஸ் எல்லாம் இப்போ வேண்டாம். இவ்வளவு போதும்:

* 8, 10, 12, 14, 17, 19 அளவு ஸ்பேனர்கள். ஒரு பக்கம் ரிங், ஒரு பக்கம் ஓப்பன் இருக்கிற மாதிரி வாங்கினா நல்லது.
* உங்க வண்டி பிளக்குக்குப் பொருந்துற பிளக் ஸ்பேனர்.
* பிளஸ், மைனஸ் ஸ்க்ரூடிரைவர், ஒரு கட்டிங் பிளேயர், ஆலன் கீ செட்.
* ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர்.
* பழைய டூத் பிரஷ், காட்டன் வேஸ்ட், ஒரு பழைய பேசின்.

விலை குறைவுன்னு தரமில்லாத ஸ்பேனரை வாங்காதீங்க. அது நட்டுல சரியா உட்காராது. நாலு தடவை வழுக்கினா நட்டோட முனையெல்லாம் மழுங்கிடும். அப்புறம் அதைக் கழட்ட மெக்கானிக்கே திணறுவார்.

ஸ்க்ரூ விஷயத்துல ஒரு குட்டி ரகசியம் இருக்கு. ஜப்பான் டிசைன்ல வந்த பைக்குகள்ல இருக்கிற பிளஸ் ஸ்க்ரூக்கள் பார்க்க சாதாரணமா தெரிஞ்சாலும், அதோட வெட்டு 'ஜிஸ்'ங்கிற ஜப்பான் தரத்துல இருக்கும். நம்ம வீட்டு ஸ்க்ரூடிரைவர் அதுல முழுசா இறங்காது. அதனாலதான் தலை சீக்கிரம் வழுக்கிடுது. சரியான அளவு முனையை வெச்சு, திருப்புறதைவிட அழுத்துறதுக்கு அதிக பலம் கொடுங்க. டக்குனு கழண்டு வரும்.

கை வைக்கிறதுக்கு முன்னாடி...

வேலையைக் காத்தோட்டமான, சமதளமான இடத்துல பண்ணுங்க. மூடின ஷெட்டுக்குள்ள இன்ஜினை ஓடவிட்டா கார்பன் மோனாக்ஸைடு சேரும். அதுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தலைசுத்தல் வந்தபிறகு சுதாரிக்கிறதுக்குள்ள நிலைமை கைமீறிடலாம்.

பெட்ரோல் கையில இருக்கும்போது பக்கத்துல பூஜை விளக்கு, ஊதுபத்தி, சிகரெட் எதுவும் வேண்டாம். சைலன்ஸர் ஆறும்வரை காத்திருங்க. மோதிரம், கைச்செயினைக் கழட்டி வெச்சிடுங்க. லுங்கி, துப்பட்டா மாதிரி தொங்குற துணியோட செயின் பக்கம் உட்காராதீங்க.

எதைக் கழட்டினாலும் முதல்ல போன்ல ஒரு போட்டோ. கழட்டின போல்ட்டுகளை வரிசையா முட்டை அட்டைக் குழியில போட்டு வைங்க. திரும்ப மாட்டும்போது எது எங்கேனு குழப்பமே வராது.

ஸ்டார்ட் ஆகலையா? இந்த வரிசையில பாருங்க

இன்ஜின் ஓட மூணு விஷயம் வேணும்: பெட்ரோல், காத்து, தீப்பொறி. பிரச்னை எதுலன்னு கண்டுபிடிக்கிறதுதான் மெக்கானிக்கோட வேலையில பாதி. செலவில்லாத விஷயத்துலேருந்து தொடங்குங்க.

1. ஹேண்டில்ல இருக்கிற சிவப்பு கில் சுவிட்ச் ஆன்ல இருக்கா? சின்னப் பசங்க விளையாட்டா அமுக்கி விட்டிருக்கலாம்.
2. புது மாடல்கள் பலதுல சைடு ஸ்டாண்ட் போட்டிருந்தா இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது, இல்லைன்னா கியர் போட்டதும் ஆஃப் ஆகிடும். ஸ்டாண்டை எடுத்துட்டுப் பாருங்க.
3. நியூட்ரல் லைட் எரியுதா? இல்லைன்னா கிளட்ச்சை முழுசாப் பிடிச்சுட்டு முயற்சி பண்ணுங்க.
4. பெட்ரோல் இருக்கா? பழைய கார்பரேட்டர் வண்டின்னா டேப் ஆஃப்ல இருக்கலாம். ரிசர்வுக்குத் திருப்பிப் பாருங்க.
5. ஹாரனை அடிங்க. சத்தம் தொண்டை கட்டின மாதிரி வந்தா பேட்டரியில சார்ஜ் இல்லை. 'டிக் டிக்'னு மட்டும் கேட்டாலும் பெரும்பாலும் இதே கதைதான். எதுவுமே வேலை செய்யலைன்னா ஃபியூஸைப் பாருங்க.

மல்டிமீட்டர் இருந்தா பேட்டரியை ஊகிக்கவே வேண்டாம். வண்டி ஆஃப்ல இருக்கும்போது 12.6 வோல்ட் பக்கம் காட்டினா பேட்டரி நல்லா சார்ஜ் ஆகியிருக்கு. 12-க்குக் கீழே போயிட்டா சார்ஜ் போடணும். இன்ஜின் ஓடும்போது கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்துப் பாருங்க. 13.5-லேருந்து 14.5 வோல்ட் வந்தா வண்டி பேட்டரியைச் சரியா சார்ஜ் பண்ணுதுன்னு அர்த்தம். அது ஏறவே இல்லைன்னா, புது பேட்டரி வாங்கிப் போட்டாலும் நாலு நாள்ல மறுபடியும் படுத்துடும்.

பேட்டரியைக் கழட்டும்போது மைனஸை முதல்ல கழட்டுங்க. மாட்டும்போது மைனஸைக் கடைசியா மாட்டுங்க. வண்டியோட பாடி முழுக்க மைனஸோட இணைஞ்சிருக்கு. பிளஸை முதல்ல கழட்டும்போது ஸ்பேனர் தவறி பாடியில பட்டா ஷார்ட் ஆகி நெருப்புப்பொறி பறக்கும். அதே மாதிரி, ஃபியூஸ் போச்சுன்னு கம்பியைச் சுத்திவிடுற பழக்கம் வேண்டவே வேண்டாம். அடுத்த முறை ஃபியூஸுக்குப் பதிலா ஒயரிங் எரியும்.

பிளக் சொல்லும் ஜாதகம்

இது இன்ஜின் ஆறின பிறகு செய்யவேண்டிய வேலை. பிளக் கேப்பை, ஒயரைப் பிடிச்சு இழுக்காம, கேப்பையே பிடிச்சு இழுங்க. பிளக்கைச் சுத்தி இருக்கிற மண்ணை பிரஷால தட்டிவிட்டுட்டு அப்புறமா கழட்டுங்க. இல்லைன்னா அந்த மண் நேரா இன்ஜினுக்குள்ள விழும்.

இப்போ முனையோட நிறத்தைப் பாருங்க.

* இளம் பழுப்பு: இன்ஜின் நலம்.
* காய்ஞ்ச கரி மாதிரி கறுப்பு: பெட்ரோல் அதிகமா போகுது, இல்லைன்னா ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கு.
* எண்ணெய்ப் பசையோட கறுப்பு: இன்ஜின் ஆயில் உள்ளே எரியுது. இது மெக்கானிக் பார்க்க வேண்டிய கேஸ்.
* வெள்ளை: இன்ஜின் அதிகமா சூடாகுது, இல்லைன்னா பெட்ரோல் கம்மியா போகுது.

பிரஷ் போட்டு சுத்தம் பண்ணிட்டு, முனை தேய்ஞ்சிருந்தா மேனுவல்ல சொன்ன அதே நம்பர் பிளக்கை மாத்துங்க. சில பல்சர் மாடல்கள்ல ஒரே இன்ஜின்ல ஒண்ணுக்கு மேற்பட்ட பிளக் இருக்கும். ஒண்ணை மட்டும் பார்த்துட்டு விட்டுடாதீங்க.

மாட்டும்போதுதான் கவனம் தேவை. பிளக் இரும்பு, அது உட்கார்ற இன்ஜின் ஹெட் அலுமினியம். கோணலா ஏத்தினா அலுமினிய மரை அறுந்துடும். அப்புறம் லேத்துக்குத்தான் தூக்கிட்டுப் போகணும். அதனால ஸ்பேனரைத் தூர வெச்சுட்டு, விரலாலேயே முழுசும் ஏத்துங்க. இடையில இறுக்கினா நிறுத்தி, பின்னாடி திருப்பி, மறுபடியும் ஆரம்பிங்க. முழுசா உட்கார்ந்த பிறகு, புது பிளக்னா ஸ்பேனரால அரைச் சுத்து. பழைய பிளக்னா கால் சுத்துக்குள்ள போதும்.

இந்த 'விரலால ஏத்து, அப்புறம் ஸ்பேனர்' விதி வண்டியில இருக்கிற எல்லா போல்ட்டுக்கும் பொருந்தும். குறிப்பா 10 நம்பர் ஸ்பேனர் போடுற சின்ன போல்ட்டுகள். முழுக் கை பலத்தையும் போட்டா, உடைஞ்சு உள்ளேயே நின்னுடும்.

ஆயில் மாத்துறது: முதல் பெரிய வேலை

ஆயில் வாங்கும்போது பாட்டில்ல ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு கிரேடு. 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50-ன்னு வண்டிக்கு வண்டி மாறும். ரெண்டாவது 'ஜாசோ எம்.ஏ' அல்லது 'எம்.ஏ2'ங்கிற குறி. பெரும்பாலான பைக்குகள்ல கிளட்ச் இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே ஊறிக்கிட்டிருக்கும். அதுக்காகத் தயாரிச்ச ஆயில்னு அந்தக் குறி சொல்லுது. வீட்டுல மிச்சம் இருக்கிற கார் ஆயிலை ஊத்தினா, அதுல உராய்வைக் குறைக்கிற சேர்மானங்கள் இருந்தா கிளட்ச் ஸ்லிப் ஆக ஆரம்பிச்சிடும். ஸ்கூட்டருக்கு 'எம்.பி' குறி போட்ட ஆயில் தனியா இருக்கு. அதையும் பைக்குக்கு மாத்தி ஊத்தாதீங்க.

இனி செய்முறை:

1. இன்ஜினை ரெண்டு மூணு நிமிஷம் ஓடவிட்டு ஆஃப் பண்ணுங்க. ஆயில் இளஞ்சூட்டுல இளகி, அழுக்கோட சேர்ந்து இறங்கும்.
2. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, அடியில பேசினை வைங்க. மேலே ஆயில் ஊத்துற மூடியைத் திறந்துட்டு, அடியில இருக்கிற டிரெய்ன் போல்ட்டைக் கழட்டுங்க. ஆயில் சூடா இருக்கும், கை ஜாக்கிரதை.
3. கடைசிச் சொட்டு வரைக்கும் வடியவிடுங்க.
4. போல்ட்டோட இருக்கிற வாஷரைப் புதுசா மாத்தி, விரலால ஏத்தி, அளவா இறுக்குங்க. இதுவும் அலுமினிய மரைதான், ஞாபகம் இருக்கட்டும்.
5. மேனுவல்ல சொன்ன அளவு ஊத்துங்க. 100 சிசி பைக்குகள்ல ஆயில் மாத்தும்போது பொதுவா ஒரு லிட்டருக்கும் கொஞ்சம் குறைவாத்தான் பிடிக்கும்.
6. இன்ஜினை மூணு நிமிஷம் ஓட்டி, ஆஃப் பண்ணி, ரெண்டு மூணு நிமிஷம் கழிச்சு லெவல் பாருங்க. சில வண்டிகள்ல குச்சியைத் திருகாம சும்மா வெச்சுப் பார்க்கணும், சிலதுல கண்ணாடி ஜன்னல் இருக்கும். மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவுல இருக்கணும்.

'கூட இருந்தா நல்லதுதானே'ன்னு நிரப்பாதீங்க. அதிகமான ஆயில் உள்ளே அழுத்தத்தைக் கூட்டி சீல் வழியா கசியும், ஏர் ஃபில்டர் பக்கமும் ஏறும்.

வடிச்ச கறுப்பு ஆயிலைச் சாக்கடையிலோ, மரத்தடியிலோ ஊத்திடாதீங்க. இந்தியச் சட்டப்படி அது அபாயகரமான கழிவு. அதே பாட்டில்ல பிடிச்சு, மெக்கானிக் கடையில கொடுத்துடுங்க. பழைய ஆயிலைச் சேர்த்து வாங்கிட்டுப் போறவங்க அங்கே வருவாங்க.

செயின்: விரலைக் காப்பாத்திக்கோங்க

இந்தக் கட்டுரையில ஒரே ஒரு விதியை மட்டும் ஞாபகம் வெச்சுக்கணும்னா, அது இதுதான். இன்ஜின் ஓடிக்கிட்டிருக்கும்போது செயினைத் துடைக்காதீங்க. கியர் போட்டு சக்கரத்தைச் சுத்தவிட்டு, துணியால செயினைப் பிடிக்கிற வீடியோக்கள் நிறைய வருது. துணி ஒருமுறை பல்லுல சிக்கினா, விரல் கூடவே உள்ளே போயிடும். கையை இழுத்துக்க நேரமே கிடைக்காது. சாவியை எடுத்துப் பாக்கெட்ல போட்டுட்டு, நியூட்ரல்ல கையால சக்கரத்தைச் சுத்திக்கிட்டே துடைங்க.

தொய்வு பார்க்க, கீழ்ப்பக்கச் செயினோட நடுவுல விரலால மேலேயும் கீழேயும் அசைச்சுப் பாருங்க. பல கம்யூட்டர் பைக்குகள்ல மொத்த அசைவு 20-லேருந்து 30 மி.மீ. வரை இருக்கலாம். செயின் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி தேயாது. சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா சுத்தி, ரொம்ப டைட்டா இருக்கிற இடத்துல அளவு எடுங்க.

அட்ஜஸ்ட் பண்ண பின் ஆக்ஸில் நட்டைத் தளர்த்தணும். ஸ்லீவ் நட் இருக்கிற மாடல்னா அதையும் தளர்த்தணும். ரெண்டு பக்க அட்ஜஸ்டரையும் சம அளவு திருப்புங்க. ரெண்டு பக்கமும் கோடுகள் ஒரே இடத்துல இருக்கணும். இல்லைன்னா சக்கரம் கோணலா உட்கார்ந்து, வண்டி ஒரு பக்கம் இழுக்கும். முடிச்சதும் ஆக்ஸில் நட்டை நல்லா இறுக்கி, பின் பிரேக்கையும் செக் பண்ணுங்க. சக்கரம் பின்னாடி நகர்ந்ததால டிரம் பிரேக்கோட அளவும் மாறியிருக்கும்.

பிரேக்: எங்கே நிறுத்தணும்னு தெரியணும்

டிரம் பிரேக்கை அட்ஜஸ்ட் பண்றது சுலபம். பின்னாடி இருக்கிற நட்டைத் திருப்பினா பெடலோட 'ப்ளே' குறையும். பெடலை 20-லேருந்து 30 மி.மீ. வரை அழுத்தின பிறகு பிரேக் பிடிக்கிற மாதிரி வைக்கிறது பொதுவான அளவு. ரொம்ப டைட் பண்ணினா ஷூ உரசிக்கிட்டே இருக்கும், மைலேஜ் போகும், டிரம் சூடாகும். பிரேக்கை முழுசா அழுத்தும்போது டிரம்ல இருக்கிற அம்புக்குறி எல்லைக் கோட்டைத் தொட்டா, ஷூ தேய்ஞ்சிடுச்சு. இனி அட்ஜஸ்ட் பண்ணிப் பிரயோஜனமில்லை, மாத்தியாகணும். டிரம்முக்குள்ள இருக்கிற தூசியை வாயால ஊதாதீங்க. பிரேக் லைனிங்குகள்ல ஆஸ்பெஸ்டாஸ் பயன்படுத்தின காலம் உண்டு. ஈரத்துணியால துடைச்செடுங்க.

டிஸ்க் பிரேக்ல பேட் தேய்ஞ்சிருக்கான்னு பார்க்கலாம். டிஸ்க்ல ஒரு சொட்டு ஆயிலோ, செயின் ஸ்ப்ரேயோ படக்கூடாது. அதுக்கு மேல, ஆரம்ப நிலையில கை வைக்காதீங்க. உள்ளே ஒரு காத்துக்குமிழி புகுந்தாலும் லிவர் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிக்காது. அந்த பிரேக் ஆயில் பெயின்ட்டையும் அரிச்சிடும்.

இதெல்லாம் மெக்கானிக்குக்கு விட்டுடுங்க

* டிஸ்க் பிரேக் லைன், ஏ.பி.எஸ்.
* ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியோட பெட்ரோல் லைன். 2020 ஏப்ரல்ல பி.எஸ்.6 வந்த பிறகு பெரும்பாலான பைக்குகள் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிடுச்சு. அந்தக் குழாய்ல பெட்ரோல் அழுத்தத்தோட இருக்கும். தெரியாமக் கழட்டினா பீய்ச்சி அடிக்கும்.
* முன்பக்க ஃபோர்க், இன்ஜினைப் பிரிக்கிற வேலை.
* ஒயரை வெட்டி லைட், ஹாரன் சேர்க்கிறது.

ஏர் ஃபில்டர் விஷயத்துலயும் ஒரு எச்சரிக்கை. பல புது பைக்குகள்ல ஆயில் தடவின 'விஸ்கஸ்' பேப்பர் ஃபில்டர் இருக்கு. அதைக் காத்தடிச்சு சுத்தம் பண்ணினா கெட்டுடும். கி.மீ. வந்ததும் மாத்துறது மட்டும்தான் வழி.

பார்ட்ஸ் எங்கே வாங்குறது?

பழைய பார்ட்டைக் கையோட கொண்டுபோய்க் காட்டி வாங்குங்க. ஒரே பேர்ல வர்ற வண்டியிலயும் வருஷத்துக்கு வருஷம் பார்ட் மாறியிருக்கும். பார்ட் நம்பர், பிரிக்காத பேக்கிங், பில் மூணும் முக்கியம். சென்னைக்காரங்களுக்கு ஜி.பி ரோடு தெரிஞ்சிருக்கும், புதுப்பேட்டையும் தெரிஞ்சிருக்கும். புதுப்பேட்டையில செகண்ட் ஹேண்ட் சைடு பேனல் வாங்கலாம், தப்பில்லை. ஆனா பிரேக் ஷூ, கேபிள், செயின் செட், டயர் இதெல்லாம் எப்பவும் புதுசுதான்.

மெக்கானிக் அண்ணனை மறந்துடாதீங்க

வீட்டுல வேலை கத்துக்கிறதால, அவரோட உறவு முடியப்போறதில்லை. இனிமே 'வண்டி ஏதோ சத்தம் வருதுண்ணே'ன்னு சொல்லாம, 'இன்ஜின் சூடான பிறகு டேப்பட் சத்தம் வருதுண்ணே, ஆயில் போன மாசம்தான் மாத்தினேன்'னு சொல்வீங்க. அவருக்கு நேரம் மிச்சம், உங்களுக்குத் தேவையில்லாத செலவு மிச்சம். கூட்டம் இல்லாத நேரமா பார்த்துப் போய், உங்க வண்டியைப் பிரிக்கும்போது பக்கத்துல நின்னு பார்க்க அனுமதி கேளுங்க. ஒரு டீ வாங்கிக் கொடுத்தா, எந்த வீடியோவுலயும் இல்லாத விஷயமெல்லாம் சொல்லிக்கொடுப்பார்.

நாலு ஞாயிறு பிளான்

முதல் ஞாயிறு: மேனுவலைப் படிச்சு, டயர் காத்து, ஹாரன், லைட், பிரேக் ப்ளே எல்லாம் செக் பண்ணுங்க. காத்தை டயர் சூடாகுறதுக்கு முன்னாடி பார்க்கணும்.
ரெண்டாவது ஞாயிறு: செயினைத் துடைச்சு, ஆயில் விட்டு, தொய்வை அளந்து பாருங்க.
மூணாவது ஞாயிறு: பிளக், பேட்டரி வோல்ட்டேஜ்.
நாலாவது ஞாயிறு: கி.மீ. வந்திருந்தா, ஆயில் சர்வீஸ்.

ஒரு சின்ன நோட்டுல தேதி, கி.மீ., என்ன பண்ணீங்கன்னு எழுதி வைங்க. நாளைக்கு வண்டியை விக்கும்போதும் வாங்குறவர் கேட்டா காட்டலாம்.

எந்த வேலை முடிஞ்சாலும் நேரா மெயின் ரோட்டுக்குப் போயிடாதீங்க. முதல்ல வண்டியைத் தள்ளிக்கிட்டே ரெண்டு பிரேக்கையும் பிடிச்சுப் பாருங்க. அப்புறம் ஹெல்மெட் போட்டு, ஆள் இல்லாத தெருவுல மெதுவா ஒரு ரவுண்டு. திரும்பி வந்து, நீங்க கை வெச்ச ஒவ்வொரு நட்டையும் மறுபடி தொட்டுப் பாருங்க, அடியில ஆயில் கசிவு இருக்கான்னும் பாருங்க. எல்லாம் சரியா இருந்த பிறகு, அம்மாவைப் பின்னாடி உட்கார வெச்சு மார்க்கெட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்.